கை வைத்தியம்: எதுக்கு எது, எவ்வளவு, எத்தனை நாள்?

ராத்திரி பதினோரு மணி. தொண்டை கரகரங்குது, மூக்கு ஒழுகுது, உடம்பு லேசாகக் காயுது. பிஜி ரூமில் நீங்கள் மட்டும்தான். ஊருக்கு போன் போட்டால் அம்மா சொல்லும் முதல் வார்த்தை, "மிளகு தட்டிப் போட்டு ஒரு ரசம் வெச்சுக் குடி கண்ணு, காலையில சரியாயிடும்." பத்தே நிமிஷத்தில் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் சித்தி ஒரு கஷாய வீடியோ, மாமா ஒரு ஃபார்வேர்டு, பெரியம்மா ஒரு வாய்ஸ் நோட். மூணும் மூணு விதம். இதில் எதைக் குடிப்பது?

அம்மா சொன்னதில் தப்பே இல்லை. சாதாரண சளி, அஜீரணம், லேசான வயிற்றுப்போக்கு போன்றவற்றை உடம்பே சில நாள்களில் சரிசெய்துகொள்ளும். அந்தச் சில நாள்களைக் கஷ்டமில்லாமல் கடக்க உதவுவதுதான் கை வைத்தியம். சிக்கல் ரசத்தில் இல்லை. வந்திருப்பது வேறு நோயாக இருந்து, அதையும் சளி என்றே நினைத்து ரசம் குடித்துக்கொண்டே நாளைக் கடத்துவதில்தான் இருக்கிறது.

அதனால், எந்த மூலிகையைக் கையில் எடுத்தாலும் மூணு கேள்வி கேட்டுக்கோங்க. இது என்ன வேலை செய்யும்? எவ்வளவு எடுக்கணும்? எத்தனை நாளில் சரியாகலைன்னா டாக்டரைப் பார்க்கணும்? வேலை, அளவு, கெடு. இந்த மூன்றையும் வைத்து, வீட்டில் அடிக்கடி வரும் பிரச்னைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். போனில் சேமித்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை தொண்டை கரகரக்கும்போது உதவும்.

சளி, இருமல், தொண்டைக் கரகரப்பு

முதல் மருந்து உப்புத் தண்ணீர். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை கொப்பளியுங்கள். தொண்டை வீக்கத்துக்கும் வலிக்கும் இதமாக இருக்கும்.

இரண்டாவது தேன். ராத்திரி தூங்கவிடாத வறட்டு இருமலுக்குப் படுக்கும் முன் ஒரு டீஸ்பூன் தேன் நல்ல பலன் தரும். தொண்டையில் ஒரு பூச்சுபோலப் படிந்து இருமலைத் தணிக்கும். ஆனால், ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மிளகு ரசம், சுக்குக் காபி, மிளகும் மஞ்சளும் போட்ட பால் எல்லாம் சூடாக உள்ளே இறங்கும்போது சளி இளகும், மூக்கடைப்பு கொஞ்சம் விடும். மஞ்சள் பாலில் மிளகு சேர்ப்பதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமினை உடம்பு எளிதில் உறிஞ்சாது. மிளகில் உள்ள பைப்பரின் அந்த உறிஞ்சும் அளவைப் பல மடங்கு கூட்டுவதை, பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-ல் காட்டினார்கள். ஆனால், அதே பைப்பரின் சில மாத்திரைகளின் அளவையும் ரத்தத்தில் கூட்டிவிடும். வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாய்ன் அதில் ஒன்று. சமையலில் போடும் மிளகைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பைப்பரின் சேர்த்த மஞ்சள் கேப்சூல்களைத்தான் டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

வேலியோரம் வளரும் ஆடாதோடையைச் சும்மா நினைக்காதீங்க. அதில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்து உருவாக்கப்பட்டதுதான் ப்ரோம்ஹெக்சின். மருந்துக்கடையில் வாங்கும் பல சளி சிரப்புகளின் பின்பக்கத்தில் இந்தப் பெயர் இருக்கும். நெஞ்சில் கட்டிய சளியை இளக்குவதுதான் இதன் வேலை. கர்ப்பிணிகள் மட்டும் ஆடாதோடையைத் தொடக் கூடாது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை அதற்கு உண்டு.

தொண்டைக்கு அதிமதுரம் ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்வது பழைய வழக்கம். நாலைந்து நாள் என்றால் சரி. மாதக்கணக்கில் தினமும் எடுத்தால், உடம்பில் பொட்டாசியம் குறைந்து ரத்த அழுத்தம் ஏறும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் தவிர்த்துவிடுவதே நல்லது.

ஆவி பிடிக்கும்போது சுடுதண்ணீர்ப் பாத்திரத்தை மடியில் வைக்காதீர்கள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்போதே குனியவும் கூடாது. இறக்கி, ஆடாத மேசையில் வைத்து, ரெண்டு நிமிஷம் கழித்துப் பிடியுங்கள். கொதிநீர் கொட்டி வெந்துபோய் மருத்துவமனைக்கு வருபவர்களில் சின்னக் குழந்தைகளும் உண்டு. அவர்களுக்கு ஆவி பிடிக்கும் வேலையே வேண்டாம்.

கெடு: மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ அன்றே டாக்டர். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் காசநோய் இருக்கிறதா எனச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம்.

காய்ச்சல்: இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம்

2012-ல் தமிழ்நாட்டில் டெங்கு பரவியபோது, அரசே நிலவேம்புக் குடிநீரை ஊர் ஊராகக் கொடுத்தது. அப்போதிலிருந்து காய்ச்சல் என்றாலே நிலவேம்பு என்று ஆகிவிட்டது. அது நிலவேம்பு மட்டும் போட்ட கஷாயம் இல்லை. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என மொத்தம் ஒன்பது பொருள்கள். சுமார் 5 கிராம் பொடியை 200 மி.லி தண்ணீரில் போட்டு, 50 மி.லி ஆகும்வரை வற்றவைத்து, வடிகட்டி, சில மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். காலையில் காய்ச்சியதை ஃபிளாஸ்க்கில் ஊற்றி ராத்திரி வரைக்கும் வைக்கக் கூடாது. கர்ப்பிணிகளும், ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்களும் சித்த மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

குடியுங்கள், தப்பில்லை. ஆனால், டெங்குவில் உயிரைக் காப்பாற்றுவது இந்தக் கஷாயமோ, பப்பாளி இலைச் சாறோ இல்லை. டெங்குவில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறும். ரத்த அழுத்தம் இறங்கும். அதைக் கவனித்து, சரியான நேரத்தில், சரியான அளவில் திரவம் கொடுப்பதுதான் சிகிச்சை. பப்பாளி இலைச் சாறு தட்டணுக்களைக் கொஞ்சம் கூட்டலாம் எனச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அந்த எண் மட்டும் ஏறினால் கசிவு நின்றுவிடாது.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. டெங்குவின் ஆபத்தான கட்டம், காய்ச்சல் அடிக்கும்போது வருவதில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் வரும். "கஷாயம் குடிச்சேன், காய்ச்சல் விட்டுடுச்சு" என்று வேலைக்குக் கிளம்பும் அந்த நாள்தான், நீங்கள் அதிகம் கவனமாக இருக்க வேண்டிய நாள்.

வீட்டில் செய்யக்கூடியது: கஞ்சி, இளநீர், உப்புப் போட்ட மோர் எனத் திரவமாகக் குடிப்பது, ஓய்வு எடுப்பது, டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போடுவது. டெங்கு இல்லை என உறுதியாகும்வரை ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் வேண்டாம். ரத்தக்கசிவை அவை கூட்டும்.

கெடு: இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் என்றால் ரத்தப் பரிசோதனை. கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் ரத்தம், சிறுநீர் குறைவது, சோர்ந்து சுருண்டு படுப்பது... இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. காய்ச்சல் விட்டிருந்தாலும்தான்.

அஜீரணம், வாயு, குமட்டல்

பரோட்டாவும் சால்னாவும் கொஞ்சம் ஓவராகிவிட்டதா? அரை டீஸ்பூன் ஓமத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்துக் குடியுங்கள். ஓமத்தின் அந்தக் காரமான வாசனைக்குக் காரணம் தைமால். வயிற்று உப்புசத்துக்கு இதம் தரும். சீரகத் தண்ணீர், சாப்பாட்டுக்குப் பின் ஒரு சிட்டிகை சோம்பு எல்லாம் இதே வேலைக்குத்தான்.

குமட்டலுக்கு இஞ்சி. மூலிகைகளில் அதிகம் ஆராயப்பட்டவற்றில் இது ஒன்று. பஸ் பயணக் குமட்டலிலிருந்து கர்ப்பகால மசக்கை வரை இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு சுமார் ஒரு கிராம் சுக்குப்பொடி, அதாவது அரை டீஸ்பூன் போதும். காலையில் வெறும் வயிற்றில் இஞ்சிச் சாறு குடிப்பவர்களுக்கு நெஞ்செரிச்சல் வரலாம். வந்தால் நிறுத்திவிடுங்கள்.

கெடு: 'வாயுப் பிடிப்பு' என்ற வார்த்தையைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். நடு நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் அழுத்தம், இடது கை, தோள், தாடை வரை பரவும் வலி, வியர்வை, மூச்சு வாங்குவது... இதெல்லாம் வாயு இல்லை. மாரடைப்பாக இருக்கலாம். இஞ்சி இடிக்கும் நேரத்தில் 108-க்கு போன் பண்ணுங்க. அப்பாவுக்கு, தாத்தாவுக்கு என்று இல்லை, முப்பது வயதுக்காரருக்கும் இதே பதில்தான். ஈசிஜி எடுத்து ஒன்றும் இல்லை என்று தெரிந்தால், வீட்டுக்கு வந்து நிதானமாக ஓமத் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம்.

வயிற்றுப்போக்கு

இதற்கு மருந்து இலையிலோ வேரிலோ இல்லை, அடுப்படியில் இருக்கிறது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூனைத் தலை தட்டி அளக்கவும். உப்பு அதிகமானால் குழந்தைகளுக்கு ஆபத்து. ஓஆர்எஸ் பாக்கெட் கையில் இருந்தால் அதுவே முதல் தேர்வு. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதுதான். பாட்டி கொடுத்த நீராகாரத்திலும் மோரிலும் இருப்பது இதே யோசனைதான்: போன தண்ணீரையும் உப்பையும் திரும்பக் கொடுப்பது.

கெடு: மலத்தில் ரத்தம், அதிகக் காய்ச்சல், குடிப்பதெல்லாம் வாந்தியாவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் வராதது. குழந்தைக்கு அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, வாய் காய்ந்து துவண்டு கிடந்தாலோ காத்திருக்கக் கூடாது.

மலச்சிக்கலும் 'டீடாக்ஸ் டீ'யும்

முதலில் தண்ணீர், கீரை, கொய்யா, ஊறவைத்த உலர் திராட்சை. அதில் சரியாகாவிட்டால் இசப்கோல். ஒரு டீஸ்பூன் இசப்கோலுக்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் கட்டாயம். தண்ணீர் குறைந்தால் அது உள்ளே களிபோல இறுகி, பிரச்னையைக் கூட்டும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

அடுத்து நிலவாகை. உலகச் சந்தையில் இதற்கு 'டின்னவேலி சென்னா' என்று பெயர். ஆமாம், நம்ம திருநெல்வேலிதான். குடலைத் தூண்டி மலத்தைத் தள்ளும். ராத்திரி எடுத்தால் காலையில் வேலை செய்யும். எப்போதாவது ஒருநாள் என்றால் சரி. தினமும் பழக்கிக்கொண்டால் வயிற்றைப் பிசையும், பொட்டாசியம் குறையும்.

இன்ஸ்டாகிராமில் "பத்தே நாளில் தொப்பை காலி" என்று வரும் பல டீக்களில் இருப்பது இந்த நிலவாகைதான். பாக்கெட்டின் பின்பக்கத்தில் 'சென்னா' என்று இருக்கிறதா எனப் பாருங்கள். எடை மெஷினில் குறைவது தண்ணீரும் மலமும்தான். கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

சோற்றுக் கற்றாழை ஜூஸ் போடுபவர்கள், தோலை ஒட்டிக் கசியும் மஞ்சள் பாலை நன்றாகக் கழுவிவிட்டு நடுவில் உள்ள கண்ணாடி போன்ற சோற்றை மட்டும் எடுங்கள். அந்த மஞ்சள் பால் கடுமையான பேதி மருந்து.

கெடு: திடீரென மலம் கழிக்கும் வழக்கம் மாறுவது, ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, வயிறு உப்பி வாயுகூட வெளியேறாதது.

மாதவிடாய் வலி

இஞ்சி இங்கேயும் உதவும். முதல் மூன்று நாள்களில் தினமும் முக்கால் கிராமிலிருந்து 2 கிராம் வரை இஞ்சிப்பொடி எடுத்த பெண்களுக்கு வலி குறைந்ததாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைப்பதும் நன்றாக வேலை செய்யும். துணி சுற்றி வையுங்கள், தோல் வெந்துவிடக் கூடாது.

கெடு: ஒவ்வொரு மாதமும் காலேஜுக்கோ வேலைக்கோ போக முடியாத அளவு வலி இருந்தால், அதைப் பொறுத்துக்கொள்வது பெருமை இல்லை. எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோய் ஒளிந்திருக்கலாம். மணிக்கு ஒரு பேட் நனைந்தாலோ, மாதவிடாய் தள்ளிப்போய்ப் பிறகு ஒரு பக்கமாகக் கடுமையாக வலித்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். "பொண்ணுன்னா வலிக்கத்தான் செய்யும்" என்று வீட்டில் யார் சொன்னாலும் போய்ப் பாருங்கள்.

முகப்பரு, தீக்காயம், பல்வலி

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து, கறுப்புத் திட்டு மாதக்கணக்கில் நிற்கும். முகப்பருவுக்கு ஓரளவு ஆதாரம் இருப்பது டீ ட்ரீ ஆயில் 5 சதவிகிதம் கலந்த ஜெல். மெதுவாகத்தான் பலன் தெரியும். கஸ்தூரி மஞ்சளோ, வேப்பிலையோ, எதுவானாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒருநாள் பாருங்கள். அரிப்பு இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம்.

குக்கர் ஆவியோ எண்ணெயோ பட்டுச் சுட்டுவிட்டதா? குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், காபித்தூள், பேனா மை, இட்லி மாவு எதுவும் வேண்டாம். எரிச்சல் அடங்கிய பிறகு, தோல் கிழியாத சின்னக் காயத்துக்குக் கற்றாழைச் சோறு தடவலாம். உள்ளங்கையைவிடப் பெரிய காயம், முகம், கை, பிறப்புறுப்பில் காயம் என்றால் மருத்துவமனை.

பல்வலிக்குக் கிராம்பு. அதில் உள்ள யூஜினால் வலியை மரக்கச் செய்யும். ராத்திரியைக் கடத்த ஒரு கிராம்பைக் கடித்து வைத்துக்கொள்ளலாம். சொத்தையும் சீழும் அப்படியேதான் இருக்கும். காலையில் பல் மருத்துவரிடம் போகணும். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால் தாமதிக்காதீர்கள்.

மஞ்சள் காமாலையும் கீழாநெல்லியும்

நம்ம ஊரில் மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி. சென்னையில் டாக்டர் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர் இதை ஆராய்ந்து, 1988-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் ஹெபடைட்டிஸ்-பி அடையாளம் மறைந்ததாக அந்த ஆய்வு சொன்னது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால், பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை.

அப்படியென்றால் உங்கள் ஊரில் கீழாநெல்லி குடித்து எல்லோருக்கும் சரியானது எப்படி? பெரும்பாலும் தண்ணீர் மூலம் பரவும் ஹெபடைட்டிஸ்-ஏ அது. சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். மஞ்சள் காமாலை என்பது ஒரே நோய் இல்லை. பித்தப்பைக் கல், எலிக் காய்ச்சல், காசநோய் மாத்திரையின் பக்கவிளைவு, மது எனப் பல காரணங்களின் அடையாளம் அது. எது என்று தெரியாமல் பத்து நாள் பத்தியம் இருப்பதுதான் ஆபத்து.

கெடு: கண் மஞ்சளானால் காத்திருக்கும் நாள் பூஜ்யம். அன்றே ரத்தப் பரிசோதனை. தூக்கக் கலக்கம், உளறல், ரத்தக்கசிவு இருந்தால் அவசர சிகிச்சை. பரிசோதனைக்குப் பிறகு, மருத்துவர் சரி என்றால் கீழாநெல்லி எடுத்துக்கொள்ளலாம்.

அம்மா அப்பாவின் சர்க்கரை, பிரஷர்

வெந்தயம் சர்க்கரையைக் குறைக்குமா? குறைக்க உதவும். அதன் நார்ச்சத்து, உணவிலிருந்து சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைத் தணிக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் நடந்த ஆய்வுகளில் தினமும் 25 கிராம் வெந்தயம் கொடுத்தார்கள். அது ஆறு, ஏழு டீஸ்பூன்! ராத்திரி ஊறவைத்த ஒரு ஸ்பூன் வெந்தயத்திடம் அதே பலனை எதிர்பார்க்க முடியாது. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் அந்த அளவுக்கு வெந்தயம் சாப்பிட்டால், சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு, சர்க்கரை அளவைப் பார்த்துப் பார்த்துக் கூட்ட வேண்டும்.

ஆவாரம்பூ டீ, நாவல்கொட்டைப் பொடி, பாகற்காய் ஜூஸ் எதுவானாலும் இதே விதிதான். மாத்திரையோடு சேர்த்து, டாக்டருக்குத் தெரிந்து எடுக்கலாம். மாத்திரைக்குப் பதிலாக எடுக்கக் கூடாது. சர்க்கரையும் பிரஷரும் வலிக்காது. மாத்திரையை நிறுத்தினால் உடம்பு நன்றாக இருப்பதுபோலவே இருக்கும். கண்ணும் சிறுநீரகமும் கெட்ட பிறகுதான் தெரியும். அப்பா மாத்திரைக் கவரை ஒதுக்கிவிட்டுப் பொடி டப்பாவைத் திறந்திருக்கிறாரா என்று அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாருங்கள்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இளநீர்கூடக் கேட்டுத்தான் கொடுக்கணும். அதில் பொட்டாசியம் அதிகம். கேரளத்தில் கொழுப்பு குறையும் என்று பிலிம்பிக்காய்ச் சாற்றைத் தொடர்ந்து குடித்தவர்களுக்குத் திடீர் சிறுநீரகப் பழுது ஏற்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதில் ஆக்ஸலேட் அதிகம். குழம்பில் போடும் காய்தான், ஜூஸாகும்போது அளவு மாறிவிடுகிறது. மூலிகை ஜூஸ் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில்

ஒரு வயதுக்கு முன் தேன் வேண்டாம் என்றேன். தேனில் சில சமயம் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். பெரியவர்களின் குடலில் அவை வளராது. பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். சேனைத் தண்ணீர் என்று தேனைத் தொட்டு வைப்பதும் இதில் அடக்கம்.

'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர் எடுத்த வசம்பையும் நாக்கில் தடவ வேண்டாம். அதில் உள்ள பீட்டா அசரோன் காரணமாக அமெரிக்காவில் 1968-லேயே உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். சளிக்காகச் சூடம், நீலகிரித் தைலம் இரண்டையும் குழந்தையின் மூக்குப் பக்கம் தடவாதீர்கள். வாய்க்குள் போனால் வலிப்பு வரும். எட்டாத உயரத்தில் வைத்துப் பூட்டுங்கள்.

மாத்திரையோடு மோதும் மூலிகைகள்

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மஞ்சள், இஞ்சி, பூண்டு கேப்சூல்களை எடுத்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். சாப்பாட்டில் சேர்ப்பது பிரச்னை இல்லை. அறுவை சிகிச்சை இருந்தால், எடுக்கும் பொடி, கேப்சூல் எல்லாவற்றையும் இரண்டு வாரம் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இசப்கோலுக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்காகச் சீந்தில் எடுத்துக்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. ஏற்கெனவே கல்லீரல் பிரச்னை இருப்பவர்கள் ஒதுங்கி நிற்பது புத்திசாலித்தனம்.

"வேற ஏதாவது மருந்து எடுக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்டால், "இல்ல சார்" என்று சொல்லிவிடுகிறோம். கஷாயத்தை நாம் மருந்தாகவே நினைப்பதில்லை. டப்பாவை போட்டோ எடுத்துக் காட்டுங்கள். அதுபோதும்.

செடியைப் பறிக்கும் முன், பொடியை வாங்கும் முன்

யூடியூபில் பார்த்த செடியும் தெருவோரம் நிற்கும் செடியும் ஒன்றுதானா? நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு உயிரைக் கொல்லும் விஷம். மஞ்சள் அரளியின் விதையும் அப்படித்தான். அடையாளம் தெரிந்தவர் கையில் காட்டாமல் எதையும் அரைத்துக் குடிக்காதீர்கள்.

பொடி வாங்கினால் உற்பத்தி உரிம எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி மூன்றும் இருக்கிறதா பாருங்கள். லேபிள் இல்லாத மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டறியப்பட்டது உண்டு. ஒரே வாரத்தில் வலி பறந்துபோனால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள். சர்க்கரை நோயை அடியோடு குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே, 1954-ம் ஆண்டின் சட்டப்படி குற்றம். அப்படி விளம்பரம் வந்தால் ஸ்க்ரோல் பண்ணிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். பஸ்பம், செந்தூரம் எல்லாம் படித்த மருத்துவர் கையால் மட்டும்.

யாரைக் கேட்பது? பி.எஸ்.எம்.எஸ் படித்த சித்த மருத்துவர்கள் பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருக்கிறார்கள். தாம்பரம் சானடோரியத்தில் 2005-லிருந்து தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. தெற்கே பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ராத்திரியில் சந்தேகம் வந்தால் 104-க்கு போன் செய்து கேட்கலாம். அவசரம் என்றால் 108.

இப்போது அந்த ராத்திரி பதினோரு மணிக்குத் திரும்புவோம். அம்மா சொன்ன ரசத்தை வையுங்கள். உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, ஒரு ஸ்பூன் தேன் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். படுக்கும் முன் போனில் ஒரு வரி குறித்து வைக்கவும்: காய்ச்சல் என்றைக்கு ஆரம்பித்தது, என்ன சாப்பிட்டேன். மூன்றாம் நாள் காலையும் உடம்பு காய்ந்தால், அந்தக் குறிப்போடு டாக்டரிடம் போய் நில்லுங்கள். அம்மாவுக்கும் ஒரு போன் போட்டு, "ரசம் குடிச்சேன்மா, டெஸ்ட்டும் எடுத்துட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.